நாகூர் வம்சத்தில் வந்த மலாய் எழுத்தாளர்: முன்ஷி அப்துல்லாஹ்

மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பள்ளிக்கூடம் படித்த ஒருவரிடம் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை யார் என்று கேட்டால், முன்ஷி அப்துல்லாஹ் என்று உடனே பதில் வரும். அன்னாரின் முழுப்பெயர் அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர். 1796ஆம் ஆண்டு மலாக்கா நகரில் பிறந்தவர். ஆனால் அவருடைய பாட்டனார் கப்பலேறிப் போனது நம் தமிழகத்து நாகூரிலிருந்து. பாட்டியாரின் பெயர் பெரி ஆச்சி. அந்தப் பாட்டியின் தகப்பனார் பெயர் ஷைகு மீரா லெப்பை. இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் தெருவில் யார் வீட்டையோ சொல்வது போல இருக்கிறதல்லவா?

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு மலாக்காக்காரர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. இருந்தும் வெள்ளலூரில் ரோமாபுரிக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. கொடுமணலில் மணிகள் செய்த தொழிற்கூடங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் இடையே ஆட்கள் நடந்துகொண்டே இருந்த பூமி இது. இன்றைக்கும் அப்படித்தான். உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் மகனோ மருமகனோ துபாயிலும் சவூதியிலும் இருக்கிற வீடுகள் எத்தனை! அதே நேரத்தில் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவைப் பட்டறைகளிலும் பீகார், ஒடிசா, அஸ்ஸாம், வங்காளத்துப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். ஆளை அனுப்புகிற ஊரும் நாமே, வந்த ஆளை ஏற்றுக்கொள்கிற ஊரும் நாமே. இந்த இரண்டு பக்கமும் ஒரே குடும்பத்தில் எப்படி நடந்தது என்பதற்கு முன்ஷி அப்துல்லாஹ்வின் வரலாற்றைப் போல விளக்கமான சான்று வேறு அதிகம் இல்லை. காரணம், அவரே எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

குடும்பத்தின் கதை நாகூரில் தொடங்கவில்லை, யமனில் தொடங்குகிறது. அப்துல்லாஹ்வின் முப்பாட்டனார் ஷைகு அப்துல் காதிர் யமன் நாட்டு அரபியர். மார்க்கக் கல்வியும் மொழியும் கற்றுக்கொடுக்கும் உஸ்தாத். கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர் நாகூர் வந்து சேர்ந்து, அங்கே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, அந்த ஊரிலேயே நிக்காஹ் செய்துகொண்டார். நான்கு ஆண் மக்கள். ஆக, முதலில் வெளியூர்க்காரரை ஏற்றுக்கொண்ட ஊர் நாகூர்தான். அந்த அரபி உஸ்தாதுக்குப் பெண் கொடுத்த தமிழ்க் குடும்பத்தார் அவருடைய நாட்டையும் நிறத்தையும் பார்த்திருந்தால் இந்த வரலாறே இல்லை.

தகப்பனார் வஃபாத்தான பிறகு நான்கு மக்களும் கிழக்கே கப்பலேறினார்கள். மூவர் ஜாவா, அம்போன் என்று இந்தோனேசியத் தீவுகள் பக்கம் சிதறிப்போனார்கள். முஹம்மது இப்ராஹீம் என்பவர் மட்டும் மலாக்காவில் தங்கினார். ஒரே தலைமுறையில் ஒரு வீடு இப்படிக் காலியாகிவிட்டது. நாகூரில் அந்தத் தாயார் என்ன ஆனார், பிள்ளைகளிடமிருந்து கடிதம் வந்ததா, காசு வந்ததா? பேரன் எழுதிய நூலில் அது இல்லை. போனவர்களின் கதைதான் எப்போதும் எழுதப்படுகிறது. வாசலில் நின்றவர்களின் கதையை எழுதுவாரில்லை.

அந்தக் காலத்தில் நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆகிய துறைமுகங்களிலிருந்து நம் மரைக்காயர்களும் லெப்பைமார்களும் துணி ஏற்றிக்கொண்டு போவார்கள். பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது. போகும்போது ஒரு காற்று, திரும்புவதற்கு எதிர்க்காற்று. அந்தக் காற்று மாறும் வரை மாதக்கணக்கில் மலாக்காவிலும் கெடாவிலும் தங்கியாக வேண்டும். தங்கினவர்கள் கடை போட்டார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள், பெண் எடுத்தார்கள். மலாய் மொழியில் இன்றும் கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் காப்பால், முதலுக்கு மோடால், பெட்டிக்குப் பெத்தி, கட்டிலுக்குக் காத்தில் என்றுதான் பெயர். மார்க்கம் கற்றவரை லெபாய் என்பார்கள், அது நம் லெப்பைதான். இந்தப் பக்கம் வந்து இறங்கியவையும் உண்டு. கீழக்கரையின் பேர்பெற்ற தொதல், மலாய் நாட்டின் தொடோல் என்ற இனிப்புதான். கருப்பட்டியையும் தேங்காய்ப் பாலையும் மணிக்கணக்கில் கிண்டுகிற அந்தப் பக்குவம் கப்பலில் வந்தது. பணம் மட்டும் திரும்பி வருவதில்லை, அடுப்படிக்குள்ளும் புலம்பெயர்வு நுழைந்துவிடும்.

இப்ராஹீம் அவர்கள் மலாக்காவில் பெரி ஆச்சியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் அப்துல் காதிர், நம் அப்துல்லாஹ்வின் தகப்பனார். அப்துல் காதிர் உள்நாட்டுப் பகுதிகளுக்குப் போய் வியாபாரம் செய்தார், போன இடத்தில் ஓதியும் கொடுத்தார். தாயார் ஸலாமாவும் இந்திய வம்சம்தான், கெடாவிலிருந்து மலாக்காவுக்கு வந்த குடும்பம். அப்துல்லாஹ்வுக்கு முன் பிறந்த நான்கு பிள்ளைகளும் குழந்தையிலேயே போய்விட்டன. ஐந்தாவதாக இவர். நோஞ்சான் குழந்தை. அக்கம்பக்கத்துத் தாய்மார்கள் பலர் பால் கொடுத்துக் காப்பாற்றிய பிள்ளை. மூன்றாம் தலைமுறை அந்நியரின் பிள்ளைக்குத் தெருவே தாயாக இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

பெரி ஆச்சி அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மலாக்காவில் கம்போங் பாலி என்ற தெருவில் அவர் குர்ஆன் பள்ளி நடத்தினார். இருநூறு பிள்ளைகள் அளவில், ஆணும் பெண்ணுமாக அங்கே ஓதினார்கள். 1800ஐ ஒட்டிய காலம் இது. ஒரு தமிழ் முஸ்லிம் பெண்மணி கடல் கடந்த ஊரில் இருநூறு பிள்ளைகளுக்கு உஸ்தாத். பெண்கள் மத்ரஸா நடத்தலாமா கூடாதா என்று நாம் இங்கே கூட்டம் போட்டுப் பேசியதெல்லாம் பின்னால் வந்த சங்கதி.

அப்துல்லாஹ் அந்தக் காலத்து ஓதற்பள்ளியின் தண்டனைகளையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். விரல்களுக்கிடையே குச்சி வைத்து நசுக்குவது, காலில் சங்கிலி போடுவது எல்லாம் அதில் வருகிறது. மத்ரஸாவில் ஓதிய எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது உள்ளங்கை கூசியது.

குர்ஆன் முடித்த பிறகு தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை வருடம் ஒரு தமிழ் வாத்தியாரிடம் படித்தார். நாகூரை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆன பிறகும் ஏன் தமிழ்? பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். மலாக்காவில் அன்று வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கம். கணக்கு எழுதவும் வியாபாரம் பேசவும் அது தேவைப்பட்டது. வந்தவர்களின் மொழியை ஊர்க்காரர்களும் படிக்க வேண்டிய அளவுக்கு அங்கே தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தார்கள். கடை வீதியில் மதிப்பிருந்ததால் வீட்டிலும் மொழி நின்றது. நம் பிள்ளைகள் அபுதாபியில் வளர்ந்துவிட்டு விடுமுறைக்கு வரும்போது பாட்டியோடு பேச வார்த்தை கிடைக்காமல் நிற்பதைப் பார்க்கிறோம். வீட்டில் தமிழ் பேசு என்று கண்டிப்பதோடு காரியம் முடிவதில்லை. அந்த மொழியால் பிள்ளைக்கு ஏதாவது நடக்க வேண்டும்.

தகப்பனார் கண்டிப்பானவர். மகனை மலாய் எழுத்தும் அரபி எழுத்தும் எழுத வைத்து, பிழை கண்டால் விடமாட்டார். பாராட்டு என்பது அவர் வாயிலிருந்து வராது. ஒருநாள் ஒரு கப்பல் தலைவர் கடன் பத்திரம் எழுதித்தரச் சொல்லி வீட்டுக்கு வந்தார். தகப்பனார் வீட்டில் இல்லை. சிறுவன் அப்துல்லாஹ் தானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டான். விஷயம் தெரிந்த தகப்பனார் மகனுக்கு முன்னால் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை, தாயாரிடம் மட்டும் மகிழ்ச்சியைச் சொன்னார். குர்ஆன் பிரதிகளும் கிதாபுகளும் கையால் எழுதி விற்றுச் சம்பாதிக்கிற அளவுக்கு அந்தச் சிறுவன் தேர்ந்தான்.

அன்றைய மலாக்கா எப்படிப்பட்ட ஊர் என்பதையும் பார்க்க வேண்டும். 1511இல் போர்த்துக்கீசியர் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். அப்துல்லாஹ் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்பு, 1795இல், ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் முஸ்லிம்களுக்கு ஓதிக்கொடுக்கப் போன அப்துல்லாஹ், பதிலுக்கு அவர்களிடமிருந்து ஹிந்துஸ்தானி கற்றுக்கொண்டார். முன்ஷி என்று அவரை முதலில் அழைத்தவர்கள் அந்தச் சிப்பாய்கள்தான். ஆசிரியர், எழுத்தர் என்று பொருள். அந்தப் பட்டம் கடைசி வரை ஒட்டிக்கொண்டது. ஆக, யமன் வம்சம், தமிழ்ப் பாட்டி, மலாய் மண், ஹிந்துஸ்தானிப் பட்டம். இவரை எந்த ஊர்க்காரர் என்று எழுதுவது?

1807இல் ஆங்கிலேயர் மலாக்காக் கோட்டையை இடித்தார்கள். ஃபர்குவார் என்ற அதிகாரி வெடிமருந்து வைத்துத் தகர்த்தார். பேய் பிசாசு இருக்கிறது என்று பயந்து கூலியாட்கள் முதலில் வேலைக்கு வர மறுத்ததையும், யானை அளவு கற்கள் காற்றில் பறந்து கடலில் விழுந்ததையும் பதினோரு வயதுப் பையனாகப் பார்த்தவர் பிற்காலத்தில் எழுதினார். அந்தக் கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாசல். மலாக்கா போகிற நம்மவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

1811இல் ஜாவா மீது படையெடுக்க ராஃபிள்ஸ் மலாக்காவில் வந்து தங்கினார். மலாய் அரசர்களுக்குக் கடிதம் எழுதவும் பழைய ஏடுகளைப் படியெடுக்கவும் எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களில் வயதில் சிறியவர் அப்துல்லாஹ். ராஃபிள்ஸ் மலாய் நாட்டின் சுவடிகளை விலைக்கும் இரவலுக்குமாக வாங்கிக் குவித்தார். 1824இல் அவர் ஊர் திரும்பும்போது ஃபேம் என்ற கப்பல் தீப்பிடித்து அத்தனையும் சாம்பலாயின. அப்துல்லாஹ்வின் நூலில் மனம் உடைந்து எழுதிய இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு சமூகத்தின் கிதாபுகளை வெளியூர்க்காரர் ஒருவர் திரட்டி ஒரே பெட்டகத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை. ஆனால் ராஃபிள்ஸ் மீது அவருக்கு இருந்த மரியாதை இதனால் குறையவில்லை. என் பார்வையில், அந்த மரியாதை கொஞ்சம் அளவுக்கு மீறியதுதான்.

அவர் வாழ்க்கையில் நம் வாசகர்களுக்கு அதிகம் நெருடக்கூடிய பகுதி அடுத்து வருகிறது. 1815இல் வில்லியம் மில்ன் என்ற பாதிரியார் மலாக்கா வந்தார். 1818இல் அங்கே ஆங்கில-சீனக் கல்லூரி தொடங்கியது. அப்துல்லாஹ் பாதிரிமார்களுக்கு மலாய் சொல்லிக்கொடுத்தார், அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் படித்தார். பைபிளின் பகுதிகளை மலாயில் பெயர்க்கும் வேலைக்கும் துணை நின்றார். வீட்டிலும் ஊரிலும் எதிர்ப்பு கிளம்பியது. பையன் மார்க்கத்தை விட்டுவிடுவான் என்று பயந்தார்கள். அப்துல்லாஹ் பாதிரி என்று பட்டப்பெயர் வைத்து அழைத்தார்கள்.

நடந்தது என்ன? அவர் தொழுகையையும் தீனையும் விடவில்லை. தாம்சன் என்ற பாதிரியாரோடு மொழிபெயர்ப்பில் வரிக்கு வரி சண்டை போட்டார். அல்லாஹ்வுக்கு மகன் என்கிற மாதிரியான சொல் மலாய் முஸ்லிமின் காதில் எப்படி விழும் என்று எடுத்துச் சொன்னார். தாம்சன் கேட்கவில்லை. மலாய் இலக்கணம் ஆங்கில அச்சில் வார்க்கப்பட்டு வந்ததைப் பார்த்து வெறுத்துப்போனார். அதே சமயம் அச்சுக்கூடம் என்ற கருவியின் பலனைக் கண்டுகொண்டார். முஸ்லிம்கள் கையால் படியெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு எழுத்துப் பிழையை ஒருமுறை திருத்தினால் ஆயிரம் பிரதியிலும் திருந்திவிடும் என்பது அவருக்குப் புரிந்தது. எதிர்த்தவர்கள் ஈமானைப் பற்றிக் கவலைப்பட்டதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்ற பேச்சு அதற்குப் பிறகும் நூறு வருடம் நம் தமிழ் முஸ்லிம்களிடம் இருந்தது. அதற்கு நாம் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1819இல் சிங்கப்பூர் உருவானது. சதுப்பும் புதருமாகக் கிடந்த இடத்தில் சில வருடங்களில் சீனர், தமிழர், புகிஸ்காரர், அரபியர், ஆங்கிலேயர் என்று கூட்டம் குவிந்தது. சூலியா என்று அழைக்கப்பட்ட நம்மவர்கள் அங்கே ஜாமிஆ பள்ளிவாசலைக் கட்டினார்கள். 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா என்ற பெயரிலேயே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். மார்க்க அடிப்படையில் அது பற்றிய கருத்து வேறுபாடு நம்மிடையே உண்டு, அது இங்கே பேச்சல்ல. கப்பலிலிருந்து இறங்கியவன் முதலில் தன் ஊரின் சாயலைக் கட்ட நினைக்கிறான் என்பதே விஷயம்.

அப்துல்லாஹ் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்குமாக அலைந்து, அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் மலாய் கற்றுக்கொடுத்துப் பிழைத்தார். 1830இல் சிங்கப்பூரில் பெரும் தீ விபத்து நடந்தது. அவருடைய உடைமைகளும் அதில் போயின. அந்தத் தீயைப் பற்றி மலாயில் செய்யுள் நூல் ஒன்று எழுதினார். அரசர்களின் வம்சப் பெருமையையே பாடிக்கொண்டிருந்த மொழியில், தெருவில் எரிந்த கடைகளைப் பற்றி ஒரு நூல்!

அவருடைய எழுத்தில் சீனர்களைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. சிங்கப்பூரின் உட்புறத்துக் காட்டில் சீனத் தொழிலாளர்களின் ரகசியச் சங்கம் இயங்கியது. அங்கே துணிந்து போய்ப் பார்த்து எழுதினார். விவரங்கள் அருமையானவை. ஆனால் தொனி முழுக்க அச்சமும் சந்தேகமும். மூன்றாம் தலைமுறையில் ஊர்க்காரராகிவிட்ட ஒருவர், புதிதாகக் கப்பலில் இறங்கியவனைத் திருடனாகப் பார்க்கிறார். குடும்பம் இல்லாமல், கடனுக்குப் பயணம் வந்து, தோட்டக்காட்டில் கிடந்த அந்தக் கூலிகளுக்குச் சங்கத்தை விட்டால் வேறு நாதி இல்லை என்பதை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. தாம் எறிய எடுத்த கல் ஒருநாள் தம் பக்கமே திரும்பும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

1835இல் அவர் செய்த வேலை ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். தம்பி முத்து வீரபத்திரர் என்ற தமிழ் நண்பர் அதற்கு உதவினார். முன்பே இந்தக் கதைகள் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அங்கிருந்து இப்னுல் முகஃப்பஃ வழியாகக் கலீலா வ திம்னா என்று அரபிக்குப் போனவை. அரபி வம்சத்தில் வந்தவர், அதே கதைகளைத் தமிழ்ப் பிரதியிலிருந்து எடுத்து, அரபிப் பெயரின் சாயலோடு மலாய்க்காரர்களுக்குக் கொடுத்தார். தகப்பனார் இரண்டரை வருடத் தமிழுக்குக் கொடுத்த சம்பளம் வீண்போகவில்லை.

1838இல் சிங்கப்பூர் அரசாங்கத்தின் கடிதங்களோடு கிளாந்தானுக்குக் கடல் வழியாக அனுப்பப்பட்டார். அங்கே அரச குடும்பத்துக்குள் சண்டை. போகிற வழியில் பகாங், திரங்கானு ஊர்களையும் கண்டார். மக்கள் வசதியாக வீடு கட்டவே அஞ்சுவதையும், கொஞ்சம் பொருள் சேர்ந்தால் அரசன் வீட்டார் பறித்துக்கொள்வார்கள் என்ற பயத்தையும், அபினையும் சேவற்சண்டையையும் கடுமையாக எழுதினார். மலாய்க்காரர்கள் சொந்த மொழியைப் படிப்பதில்லை என்றும் இடித்துரைத்தார். அந்தப் பயண நூல் உடனே அச்சானது.

இந்த ஆண்டுகளில்தான் அவர் வீட்டில் இடி விழுந்தது. செல்ல மகள் சித்தி லேலா சிறுவயதிலேயே வஃபாத்தானாள். தாயின் துயரத்தைத் தேற்ற, உள்ளத்துக்கு மருந்து என்ற பொருள்படும் தலைப்பில் சிறு நூல் ஒன்றை எழுதினார். 1840இல் மகன் முஹம்மது இப்ராஹீம் பிறந்தார், அதே ஆண்டில் மனைவியும் மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அப்துல்லாஹ் மலாக்காவை விட்டுச் சிங்கப்பூரோடு வந்துவிட்டார்.

ஆல்ஃபிரட் நார்த் என்ற அமெரிக்கப் பாதிரியார், உன் வாழ்க்கையையே எழுதேன் என்று தூண்டினார். ஹிகாயத் அப்துல்லாஹ் 1843இல் எழுதி முடிந்தது, 1849இல் கல்லச்சில் வெளிவந்தது. மலாய் மொழியில் ஒரு சாமானியன் நான் என்று தொடங்கித் தன் கதையை எழுதியது அதற்கு முன் இல்லை என்பார்கள்.

அந்த நூலால் வந்த புகழ் எவ்வளவோ, வழக்கும் அவ்வளவு. மலாய் தேசிய உணர்வு வளர்ந்த 20ஆம் நூற்றாண்டில் அவரை ஆங்கிலேயரின் ஆள் என்றார்கள். மலாய் அரசர்களை அவர் விமர்சித்ததை, வெளியூர்க்காரன் நம்மைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அப்துல்லாஹ் மலாயரா, இல்லையா என்று அறிஞர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். மலாய் மொழிக்கு உரைநடை கொடுத்தவருக்கு, பாட்டனார் நாகூரிலிருந்து வந்ததால், இறந்த பிறகும் விசாரணை முடியவில்லை. ஆங்கிலேயரைக் கண்மூடிப் புகழ்ந்தார் என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது, நானும் மேலே அதைத்தான் சொன்னேன். ஆனால் அது எழுத்தைப் பற்றிய விமர்சனம். வம்சத்தைப் பிடித்து இழுப்பது வேறு சங்கதி.

கெலிங் என்ற சொல்லின் கதையும் இதோடு சேர்ந்தது. கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்துல்லாஹ் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவரைக் குறிக்கும் சாதாரணச் சொல், அவரே அப்படித்தான் எழுதினார். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கின்றன. ஆனால் இன்று அந்தச் சொல்லால் ஒரு மலேசியத் தமிழரை அழைத்தால் அது வசவு. நம் ஊர் பஸ் நிலையத்தில் வடக்கன் என்ற சொல் புழங்குகிற விதத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். திசையைக் குறித்த சொல்தான் அதுவும். 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பரவி, வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்கு ரயிலேறியபோது, திருப்பூர் முதலாளிகளே பயந்துபோனார்கள்.

தமிழ் முஸ்லிம் தகப்பனுக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களை ஜாவி பெரனாக்கான் என்று அங்கே அழைத்தார்கள். 1876இல் சிங்கப்பூரில் அதே பெயரில் ஒரு வார இதழ் வந்தது. மலாய் மொழியின் முதல் செய்தித்தாளாக அதைச் சொல்வார்கள். 1887இல் மகுதூம் சாயபு அதே ஊரில் சிங்கை நேசன் என்ற தமிழ் இதழை நடத்தினார். ஒரே துறைமுகத்தில் இறங்கிய ஒரே சமூகம், ஒரு கையால் மலாய்க்கும் மறு கையால் தமிழுக்கும் பத்திரிகை கொடுத்தது.

1854ஆம் ஆண்டு தொடக்கத்தில் அப்துல்லாஹ் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். வயது ஐம்பத்தெட்டை எட்டியிருந்தது. மகன் இப்ராஹீம் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளை. கடனையும் கணக்கையும் தீர்த்துவிட்டுக் கப்பலேறினார். வழக்கம்போல வழியெல்லாம் குறிப்பெழுதினார். கப்பல் அச்சே, இலங்கை வழியாகக் குமரிமுனைக் கடலுக்கு வந்தபோது கடும் புயல் பிடித்தது. நாட்கணக்கில் அலை அடித்ததில் கப்பலில் இருந்தவர்கள் உயிர் மேல் ஆசை விட்டுவிட்டார்கள். நூறு வருடத்துக்கு முன் பாட்டனார் எந்தத் தமிழ்க் கடலைத் தாண்டிப் போனாரோ, அதன் தென்முனையில் பேரன் துஆ செய்துகொண்டு கிடந்தார். அந்தப் பாதையில் நாகூர் வராது. ஆலப்புழையிலும் கோழிக்கோட்டிலும் கப்பல் நின்றது. பிறகு அரபிக் கடலைக் கடந்து, முப்பாட்டனாரின் யமன் நாட்டுத் துறைமுகங்களான முக்காவையும் ஹுதைதாவையும் தொட்டது. அங்கிருந்து ஜித்தா.

அவர் சிங்கப்பூர் திரும்பவில்லை. அதே 1854இல் ஹிஜாஸ் மண்ணிலேயே வஃபாத்தானார். அல்லாஹ் அன்னாருக்கு ரஹ்மத் செய்வானாக. கூட வந்தவர்கள் மூலம் குறிப்பேடு மட்டும் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது. சில ஆண்டுகளில் சர்மின் மாத்தா என்ற மலாய் இதழில் அது அச்சேறியது. மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி வளர்ந்து, ஜொகூர் ஆட்சியாளர் அபூபக்கரிடம் பணிக்குச் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலம் என்ற பட்டம் பெற்றார். தகப்பனாரைப் போலவே அவரும் தம் பயணங்களை மலாயில் எழுதினார்.